பச்சையம்மாளின் டோக்கன்

கச்சிராயபாளையம்,
27-9-1987.

மாமாவுக்கு,

அமிர்தம் எழுதுவது. நானும் ஜெயசுதாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே உங்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் எப்படியோ என்பதுதான் இரண்டு பேருக்கும் கவலை.

இடஒதுக்கீட்டு மறியலின் இரண்டாம் நாள் உங்களை வேனில் ஏற்றிய பிறகு, எந்த ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல ஆளில்லை. விழுப்புரம் பக்கம் துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. செத்தவர்கள் பெயர் தெரியாமல் இருந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எழுதத் தெரியவில்லை. திங்கட்கிழமைதான் கடலூர் ஜெயில் என்று தகவல் வந்தது. உயிரோடு இருக்கிறீர்கள் என்றதும் மற்றதெல்லாம் சின்னதாகத் தெரிந்தது. அன்றைக்கு அப்படித் தெரிந்தது.

பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. வெட்டிப் போட்ட மரங்களை அறுத்து ஓரமாகத் தள்ளியிருக்கிறார்கள். ஏரிக்கரை வளைவில் நீங்கள் சாய்த்த புளியமரம்தான் பெரியது, அதை அறுக்க மட்டும் ஒரு முழு நாள் ஆனதாம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். ஜெயசுதாவுக்குக் காலாண்டுப் பரீட்சை தள்ளிப் போயிருக்கிறது. கறுப்பாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் பெட்டை.

நீங்கள் இல்லாத மூன்று நாள் சேகோ மில்லில் உங்கள் மரவள்ளி அரவை மெஷினை நான்தான் பார்த்துக்கொண்டேன். மேனேஜர் வேடியப்பன் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். இப்போது மில் ஓடவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வளைந்த இரும்புத் தகடு ஒன்று சாத்தியிருக்கிறதே, அதை எப்போது கொண்டுவந்தீர்கள்? கொட்டகை ஒழுகுகிறது, மேலே போடலாமா என்று கேட்கிறேன்.

இன்னொன்று, மில் ஆபீஸ் சுவரில் கவர்மெண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்ததே, சின்ன வயசுப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பது பற்றி. ஆய்வாளர் வந்தபோது உங்களைத்தான் உரக்கப் படிக்கச் சொன்னார் என்று ஒரு தரம் சொன்னீர்கள். அதில் இருந்தது நினைவிருந்தால் வரிசையாக எழுதுங்கள். போய்ப் பார்த்தேன், சுவரில் இப்போது பசை ஒட்டிய தடம்தான் இருக்கிறது.

கார்டு எழுதிப் போடுங்கள். அப்பா கார்டு வந்ததா என்று ஜெயசுதா தினமும் தபால்காரரைக் கேட்கிறாள்.

இப்படிக்கு,
அமிர்தம்.


கச்சிராயபாளையம்,
7-10-1987.

மாமாவுக்கு,

உங்கள் கார்டு கிடைத்தது. நோட்டீசில் இருந்ததை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். பதினாலு முடியாத பிள்ளை மில்லுக்குள் வேலை செய்யக்கூடாது. பதினாலு முடிந்து பதினைந்து ஆகாதது என்றால், டாக்டர் சான்றிதழோடு நாலரை மணி நேரம்தான். பதினெட்டு வரைக்கும் உடம்பு தகுதி என்று டாக்டர் தாள் வேண்டும், அந்த நம்பர் போட்ட டோக்கன் கையில் இருக்க வேண்டும். ஓடுகிற மெஷினைச் சின்னவர்கள் துடைக்கவோ எண்ணெய் போடவோ கூடாது. ஆபத்தான மெஷினில் நிறுத்துவதென்றால் முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், விவரம் தெரிந்த ஒருத்தர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

படித்தேன். நாங்கள் மீறாமல் விட்டது எது என்று தேடித் தேடிப் படித்தேன்.

தகடு பற்றிக் கேட்டதற்கு, கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

போன கடிதத்தில் மறைத்ததை இப்போது சொல்கிறேன். ஜெயிலில் இருக்கிறவருக்கு இதை எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். எழுதாமல் இருக்க வழியில்லை.

உங்களைப் பிடித்த மறுநாள், சனிக்கிழமை காலை வேடியப்பன் சைக்கிளில் வந்தார். மில்லில் நம் ஆட்கள் ஒருத்தர்கூட வேலைக்கு வரவில்லை. மறியலுக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கிய மரவள்ளிக் கிழங்கு மலையாகக் குவிந்து கிடந்தது. பிடுங்கிய மூன்றாம் நாள் கருத்துப்போகும் சரக்கு.

"கெழங்கு கருத்துக்கினு வர்து அமிர்தம். முதலாளி தலயில அடிச்சிக்கிறாரு. உம் புருசன் ராஜாங்கம் பண்ற வேலய நீ பக்கத்துல இருந்து பாத்துக்கினு இருந்தவதானே. நீ வந்து மெஷினப் பாரு. தோல் சீவுறதுக்கு ஆள் கம்மியா இருக்குது, ஜெயசுதாவயும் இட்டுகினு வா" என்றார்.

"அதுக்குப் பதினாலு வயசுதாங்க ஆவுது. படிக்கற பொண்ணு. அத மில்லுக்குள்ள வுட மாட்டன்" என்று சொன்னேன். அவர் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. சரி, ஆளுக்கு நான் வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என் பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று.

நான் மில்லுக்குப் போனபோது வெள்ளிமலைப் பக்கமிருந்து முதலாளியின் ஜீப் வந்து நின்றது. மலைச் சாலையில் மறியல் இல்லை. பதினொரு பேர் இறங்கினார்கள். அதில் நாலு பேர் சின்னவர்கள். ஒரு பெண் பள்ளிக்கூடத்துப் பாவாடையிலேயே வந்திருந்தாள். பெயர் தைலம்மாள். மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். மறியலில் லாரி போகாமல் விடுதிக்கு அரிசி வரவில்லை, அதனால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போன இடத்தில் ஜீப் வந்திருக்கிறது.

வேலைக்கு வராத நம் பெண்களின் பித்தளை டோக்கன்களை வேடியப்பன் அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். தைலம்மாளுக்குக் கிடைத்தது கீழத்தெரு பச்சையம்மாளின் டோக்கன். அந்தப் பெண் பேனா கேட்டாள். "நான் கையெழுத்து போடுவங்க" என்றாள். வேடியப்பன் சிரித்தார். "இன்னா கையெழுத்து? இங்க உம் பேரு பச்சையம்மா, வயசு இருவத்திரண்டு. கூப்புட்டா 'இருக்கறன்'னு சொன்னாப் போதும்." அவளும் சிரித்தாள். இரண்டு நாள் நாங்கள் எல்லோரும் அவளைப் பச்சையம்மா என்றுதான் கூப்பிட்டோம். விளையாட்டாக இருந்தது.

அவள் வயதை நான் கேட்கவில்லை மாமா. ஜெயசுதா உயரம்தான் இருந்தாள், அவளைவிட ஒல்லி. பார்த்தாலே தெரிந்தது. என் பெண்ணுக்குப் பதினாலு என்று காலையில் சொல்லிவிட்டு வந்த நான் அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவளை மெஷினுக்குக் கிழங்கு போட நிறுத்தினார்கள். உருளையின் பல்லுக்கு முன்னால் இருக்க வேண்டிய மறைப்பு இல்லை. சனிக்கிழமையே பார்த்துவிட்டு வேடியப்பனிடம் கேட்டேன், அது இருந்தால் சின்னக் கிழங்கு இறங்குவது மெதுவாகிறது, கழற்றி ஒரு மாதம் ஆகிறது என்றார். கை வைக்காதே, கட்டையால் தள்ளு என்று அவளுக்குச் சொன்னேன். இரண்டு மூன்று தரம் சொன்னேன். சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

பதினோரு மணி இருக்கும். வேடியப்பன் ஆபீஸ் வாசலில் நின்று, "அமிர்தம், ராஜாங்கம் தகவல் வந்துகீது, ஓடியா" என்று கத்தினார். ஓடினேன். யாரிடமும் மெஷினைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. செத்தவர்களில் நீங்கள் இல்லை, கடலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவர் சொன்னார். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகை. அது அடங்குவதற்குள் உள்ளே சத்தம் கேட்டது.

வேர்க்கட்டை ஒன்று சிக்கியிருக்கிறது. கட்டையால் தள்ளிப் பார்த்துவிட்டு, வலது கையை வைத்திருக்கிறாள். மெஷினை நிறுத்தப் பெல்ட்டை நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். மேற்கொண்டு அதை எழுதவில்லை. கீழே ஓடிய கிழங்குப் பால் நிறம் மாறியதை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றினோம். ஏரிக்கரை வளைவு வரைக்கும்தான் ஜீப் போனது. குறுக்கே உங்கள் புளியமரம் கிடந்தது.

அதற்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கத்தியதும் எழுந்து ஓடிவந்தார்கள். யார் வீட்டுப் பெண் என்று கேட்டார்கள், மலைப்பெண் என்றேன், அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளைக்கு மேலே கைக்குக் கை மாற்றித் தூக்கினார்கள். அந்தப் பக்கம் டிராக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்தார்கள். வழியில் இன்னும் மூன்று மரம். ஒவ்வொன்றிலும் தூக்கி, இறக்கி, வேறு வண்டி பிடித்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம்மவர்களை நான் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டும் என்றுதான் போனீர்கள். அது நியாயம்தான். அந்த இரண்டு மணி நேரமும் அவள் தலை என் மடியில் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து, "அக்கா, பாதிக் கெழங்கு அப்படியே கெடக்குதே, என்ன நிறுத்திடுவாங்களா?" என்று கேட்டாள்.

அவள் அப்பா காத்தான் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தார். தைலம்மாள் என்று யாரும் இங்கே சேரவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, வேடியப்பன் பச்சையம்மாள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அரை நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தவரை நான்தான் பார்த்து உள்ளே கூட்டிப்போனேன். மகளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பிச் சொன்னார், "எம் பொண்ண அதும் பேரச் சொல்லிக் கூப்புட சொல்லுங்க தாயி. ஊசி போட வர்றவங்க பச்சையம்மா பச்சையம்மான்னு கூப்புடுறாங்க. இதுவும் திரும்பிப் பாக்குது."

நான் அங்கிருந்து வந்துவிட்டேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். அவள் படிக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியார் விஜயராகவன் என்பவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிறந்த தேதி எழுதிய பள்ளிப் பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதன்படி அவளுக்கு இன்னும் பதினாலு முடியவில்லை. அவர் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார். அதிலிருந்து வேடியப்பன் பேச்சு மாறிவிட்டது. பச்சையம்மாள் கதையை விட்டுவிட்டார்கள். தைலம்மாளேதான், ஆனால் வயது பதினெட்டு, உடம்பு தகுதி என்று டவுன் டாக்டர் ஒருத்தரிடம் தாள் வாங்கி வைத்திருக்கிறார்களாம்.

என்னிடமும் ஒரு தாள் நீட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் பத்து நாள் பழக்கம் கொடுத்தேன், பக்கத்திலேயே நின்றேன், சொல்லச் சொல்லக் கேட்காமல் அவளே கையை வைத்தாள் என்று எழுதியிருக்கிறது. கீழே என் பெயர். விவரம் தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நோட்டீசில் எழுதினீர்களே, அந்த ஒருத்தர் நான்தானாம். பிள்ளைக்குப் பாதுகாப்பாகப் போட்ட வரியை வைத்தே பிள்ளை மேல் பழி போடுகிறார்கள்.

கையெழுத்துப் போட்டால் முதலாளி நல்ல வக்கீல் வைத்து உங்களை ஜாமீனில் எடுக்கிறாராம். போடாவிட்டால், மெஷின் மறைப்பைக் கழற்றியது ராஜாங்கம் என்று எழுதிக் கொடுப்பாராம். அதை யார் சொல்லிக் கழற்றினார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

பதினைந்தாம் தேதி ஆய்வாளர் வருகிறார். அதற்குள் எழுதுங்கள். என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
அமிர்தம்.


கச்சிராயபாளையம்,
3-11-1987.

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் பதினாலாம் தேதியே கிடைத்தது. பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இதைப் படித்தால் தெரியும்.

"யோசிக்காமல் கையெழுத்தைப் போடு. தீபாவளிக்கு வீட்டில் இருப்பேன். அந்தப் பெண்ணுக்கு முதலாளி ஏதாவது செய்வார்" என்று எழுதியிருந்தீர்கள். ஜெயசுதாவின் படிப்பைப் பற்றி நாலு வரி. ஆட்டுக்குட்டி பற்றி ஒரு வரி. தகடு பற்றி ஒன்றுமில்லை. இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம்கூடப் பார்த்தேன்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

ஆய்வாளர் மில்லுக்கு வந்த அன்று என்னை வாசல் கேட்டுக்குள் விடவில்லை. காலை முதல் சாயங்காலம் வரை ஆபீசில் காகிதம் காட்டினார்கள். மறுநாள் காலை கள்ளக்குறிச்சியில் அவர் தங்கியிருந்த பயணியர் விடுதிக்குப் போனேன். கொட்டகைக்குப் பின்னால் இருந்த தகட்டைச் சாக்கில் கட்டி எடுத்துப்போனேன். ஜெயசுதா பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தாள். இது என்னம்மா என்று கேட்டாள். உங்கப்பா மெஷினுக்கு மாட்டினது, உங்கப்பாவே கழட்டினது என்று சொன்னேன். அவளிடம் பொய் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

ஆய்வாளர் கண்ணாடி போட்ட மனிதர், சிரிக்காத முகம். சாக்கைப் பிரித்துத் தகட்டை அவர் முன்னால் வைத்தேன். முதலாளி சொல்லி, அரவை கூடுதலாக வரவேண்டும் என்று என் வீட்டுக்காரர் இதைக் கழற்றினார், வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார் என்று சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு நான் பழக்கம் எதுவும் கொடுக்கவில்லை, கை வைக்காதே என்று சொன்னதோடு சரி, மெஷினை ஓடவிட்டு நான் போய்விட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "இதுல உங்க வீட்டுக்காரர் பேரு வருதும்மா. உங்க பேரும் வருது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதாங்க" என்றேன்.

பிறகு டாக்டர் கொடுத்த தகுதிச் சான்றிதழை எடுத்துக் காட்டி, இது அந்தப் பெண்ணுடையதுதானா, மச்சம், அடையாளமெல்லாம் சரியா என்று கேட்டார். தேதி செப்டம்பர் பத்து. வயது பதினெட்டு. கீழே கைரேகை. இடது கைப் பெருவிரல் என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

"சார், இந்தப் பொண்ணு எட்டாவது படிக்கிது. பேனா குடுங்க, கையெழுத்து போடறன்னு கேட்டுது. செப்டம்பர் பத்துல அதுக்கு வலது கை இருந்துச்சி" என்று சொன்னேன்.

அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனாவை மூடி மேஜையில் வைத்தார். மறுபடியும் திறந்து எழுதினார். எல்லாவற்றையும் படித்துக் காட்டினார், நான் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார்கள் என்று தெரியும். படிக்கட்டும். இதில் இருப்பதெல்லாம் நான் ஏற்கெனவே கவர்மெண்டிடம் சொன்னதுதான்.

இனி நடந்ததைக் கேளுங்கள். கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறார்கள். மில்லின் காகிதங்களில் முதலாளி பெயரே இல்லையாம். சேலத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் அவருடைய மாமியார் பெயரில் இருக்கிறதாம். கூண்டில் வேடியப்பன்தான் நின்றார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது, சட்டை முழுக்க வேர்வை. பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதியைக் குத்துமதிப்பாக எழுதுவார்கள், டாக்டர் பார்த்துச் சொன்ன வயதுதான் சரி என்று அவர்கள் வக்கீல் பேசினார். வாய்தா போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் காத்தான் ஒரு தாளில் கைநாட்டு வைத்துவிட்டார். தன் மகளுக்குப் பதினெட்டு வயது, யார் மேலும் தனக்குக் குறையில்லை என்று. ஜீப் அவர் வீட்டு வாசலுக்கே போய் அதை வாங்கி வந்திருக்கிறது. மகளை அழைத்துப்போக ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று அவரே என்னிடம் சொன்னார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சாமை போட்ட கொல்லையில பன்னி பூந்து மேஞ்சிக்கினு கீது. பொண்ணு வேற இப்பிடிக் கெடக்குது. நான் எத்தினி நாளு இந்தக் கோர்ட்டு வாசல்ல வந்து நிக்கறது? வாத்தியாருக்கும் எம்மேல கோவம். நீ எழுதிக் குடுத்தியாம், நல்லதுதான் தாயி. யாரு இன்னா எழுதினாலும் எம் பொண்ணு கை வருமா?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தைலம்மாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கையை முந்தானையில் மூடியிருந்தாள். என்னைப் பார்த்தாள், பேசவில்லை. ஒரு மாதம் முன்னால் அக்கா அக்கா என்று வாய் ஓயாத பெண்.

மில் மறுபடியும் ஓடுகிறது. மெஷினுக்குப் புது மறைப்பு போட்டுப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆபீஸ் சுவரில் புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், நான் கரும்பு வெட்டப் போகிறேன். போன வாரம் வெட்டுக்குப் போகும் வழியில் மில் கேட்டைத் தாண்டினேன். மலையிலிருந்து ஜீப் வந்து நின்றது. ஏழெட்டு பேர் குதித்தார்கள், எல்லாம் ஜெயசுதா வயசு. இப்போது ஒவ்வொருவரிடமும் டாக்டர் தாள் இருக்கிறது. வாட்ச்மேன் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். ஒரு பெண் தாளைக் காட்டிவிட்டு நாலாக மடித்து வளையலுக்குள் செருகிக்கொண்டாள். எல்லோருக்கும் பதினெட்டு வயதாம். நான் எழுதிக் கொடுத்ததனால் நடந்த மாற்றம் இதுதான்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று உங்களுக்கு வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். குழாயடியில் ஜெயம்மாள், என் காதில் விழட்டும் என்றே சொன்னாள், "கட்டுனவன் உள்ள இருக்கும்போது அவன் பேரையே எழுதிக் குடுத்தவ." உங்கள் அண்ணன் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தீபாவளிக்கு நானும் ஜெயசுதாவும் மட்டும்தான். அவள் புதுப் பாவாடை வேண்டாம் என்றுவிட்டாள்.

மறியலில் பிடிபட்டவர்களையெல்லாம் இந்த மாதத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னதாகப் பேசிக்கொள்கிறார்கள். உங்களுக்கு மில் கேசில் தனியாகச் சம்மன் வரும். எனக்கும் வரும். ஒரே நாளில் கூப்பிட்டால் நல்லது, ஒரு நாள் கூலியோடு போகும்.

நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். அடிக்கக் கை ஓங்கினாலும் நான் தடுக்கப் போவதில்லை. வீட்டை விட்டுப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் தகட்டைக் கழற்றினீர்கள், நான் மெஷினை விட்டுப் போனேன். இதில் யார் பங்கு ஜாஸ்தி, யார் பங்கு கம்மி என்று நாம் இரண்டு பேரும் வீட்டுக்குள் உட்கார்ந்து சண்டை போடலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் போடலாம்.

அதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்கிறேன். மலைக்குப் போக மூன்று தரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். வெள்ளிமலை பஸ் வரும், நிற்கும், போகும். என்னால் ஏற முடியவில்லை. காத்தான் வாசலில் ஒற்றை ஆளாகப் போய் நிற்க எனக்கு முகமில்லை. நீங்கள் வாருங்கள் மாமா. இங்கே ஊரில் மாலை வாங்கிக்கொண்டு காத்திருப்பார்கள், அது முடிந்ததும் குளித்துச் சாப்பிடுங்கள். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு என்னோடு கிளம்புங்கள். அங்கே போய் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். என் பக்கத்தில் நின்றால் போதும்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
அமிர்தம்.